ஜெபத்தில் நுழைந்த கமாண்டர்

ஒருவரைப் பார்த்து, "தம்பி, ஒரு வார்த்தை ஜெபம் பண்ணுங்க" என்று சொல்வதற்கு முன்னால், போன ஒரு வாரமாக அந்தத் தம்பியின் வாயில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று விசாரித்துக்கொள்வது நல்லது. என் விஷயத்தில் யாரும் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் தார்நாகாவில் ஒரு கௌரவமான குடும்பம் அன்றைக்கு ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கும்.

அப்போது எனக்குக் கல்யாண வயது தாண்டிக்கொண்டிருந்தது. (தாண்டியே விட்டது என்பது அம்மாவின் கட்சி.) வீடு ஹைதராபாத் உப்பலில். வேலை அமீர்பேட்டில், ஒரு பயிற்சி நிலையத்தில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் சொல்லிக்கொடுப்பது. தாத்தா ரயில்வே வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து செகந்திராபாத் வந்தவர். அப்படி வந்த குடும்பங்கள் எல்லாம் ஒரே சபையில்தான் இருந்தோம். ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனால், நம்மைப் பற்றிய சேதி நமக்கு முன்னாலேயே அங்கே போய் உட்கார்ந்திருக்கும். என்னைப் பற்றிப் போன சேதி: "பையன் நல்லா ஜெபிக்கிற பையன்." சொல்லி அனுப்பியது அம்மா. நான் ஜெபிப்பது பரீட்சை ரிசல்ட்டுக்கு முந்தின நாளும், பெட்ரோல் முள் சிவப்பைத் தொடும்போதும்தான் என்பது அம்மாவுக்குத் தெரியாததல்ல.

பெண் பெயர் ஜெசிந்தா. ஒரு கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்டில் அவளைப் பார்த்திருந்தேன். சுருதி சேராத கிடார்க்காரனை ஒரே வாக்கியத்தில் தமிழ், தெலுங்கு, ஹிந்தி மூன்றிலும் திட்டினாள். அன்றைக்கே நான் காலி. பிறகு அவள் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். அம்மா கொண்டுவந்த வரன்களில் எனக்கே ஆசையாக இருந்த ஒரே வரன் அவள்தான். இதைக் கெடுத்துக்கொள்ளக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் எனக்குச் சொல்வதை நான் எப்போது கேட்டிருக்கிறேன்?

இந்த இடத்தில் கமாண்டர் மெர்வினைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெயர் என்னவோ எங்கள் சபைப் பொருளாளரின் பெயர்தான். ஆனால் ஆள் விண்வெளிக்காரர். நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் டிவியில் தமிழில் டப்பிங் செய்து வந்த ஒரு விண்வெளித் தொடரின் நாயகன். பூமியிலிருந்து ரொம்பத் தள்ளி, தனியாக மிதக்கிற ஒரு காவல் நிலையத்துக்கும் அதன் விளக்குக்கும் பொறுப்பாளர். வாயைத் திறந்தால் இரண்டு வார்த்தைக்கு மேல் வராது. நிலையமே பற்றி எரிந்தாலும் "சரி, பார்க்கலாம்" என்பார். அந்தத் தொடரைப் பல வருஷம் கழித்துப் புது நடிகர்களோடு மறுபடி எடுத்தார்கள். பழைய மெர்வினை, நரைத்த தலையோடு, கடைசி எபிசோடில் கொண்டுவந்து, பொறுப்பை இளசுகளிடம் ஒப்படைத்துவிட்டு விடைபெற வைத்தார்கள். போகும்போது அவர் சொன்னது இது:

"என் காவல் முடிந்தது. இனி விளக்கு உங்கள் கையில். இருட்டைக் கண்டு கலங்காதிருங்கள். இருட்டு என்பது வெறும் தூரம்தான்."

அவ்வளவுதான், ஹைதராபாத் ரசிகர் குழு இரண்டாக உடைந்தது. இது மெர்வின் பேசுகிற பேச்சே இல்லை என்றது ஒரு கட்சி. அதற்குத் தலைவர் நான்தான், வேறு யாரும் முன்வராததால். வயதான மனிதன் கடைசியில் மனம் திறக்கக்கூடாதா என்றது எதிர்க்கட்சி. அதற்குத் தலைவன் என்னோடு வேலை பார்த்த பிரகாஷ். வகுப்பு இடைவேளையில் சண்டை, மெட்ரோ படிக்கட்டில் சண்டை, வீட்டுக்குப் போனதும் போனில் சண்டை. அந்த வசனத்தை வார்த்தை வார்த்தையாகப் பிரித்து, ஒவ்வொன்றும் ஏன் தப்பு என்று குழுவில் கட்டுரை எழுதினேன். அம்மா என்னமோ நான் வேதம் படிக்கிறேன் என்று நினைத்து அறைக்கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போவாள்.

அந்த வாரக் கடைசியில்தான் பெண் பார்க்கப் போனோம்.

ஜெசியின் அப்பா தேவராஜ் அங்கிள் தார்நாகாவில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி. அதிகம் பேசமாட்டார். அம்மா சுகந்தி ஆன்ட்டி அவருக்கும் சேர்த்துப் பேசுவார். ஜெசி பெங்களூரிலிருந்து அன்று காலைதான் வந்திருந்தாள். டீ வந்தது, பிளம் கேக் வந்தது, எங்கள் சபையில் யாருக்கு யார் என்ன முறை என்ற ஆராய்ச்சி நடந்தது. நான் உளறவில்லை, கொட்டவில்லை, கேக்கைக்கூட ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்டேன். ஜெசி என்னைப் பார்த்து ஒரு தடவை சிரித்தாள். எல்லாம் கைகூடி வருகிற மாதிரிதான் இருந்தது. அப்போது சுகந்தி ஆன்ட்டி சேலைத் தலைப்பை எடுத்து முக்காடு போட்டார்.

எங்கள் சனங்களில் இது வழக்கம். ஒரு வீட்டுக்குப் போனால் ஜெபித்து முடித்துத்தான் எழுந்திருப்பது. பெரியவர்கள் யாராவது ஜெபிப்பார்கள் என்று நான் நிம்மதியாகக் கண்ணை மூடிவிட்டேன். "தம்பியே பண்ணட்டும். நல்லா ஜெபிக்கிற பிள்ளைன்னு சொன்னாங்க" என்றார் ஆன்ட்டி. இது மரியாதை இல்லை, பரீட்சை. மூடிய கண்ணுக்குள் எனக்கு வியர்த்தது.

எல்லோரும் எழுந்து நின்றோம். கிருபையும் இரக்கமும் நிறைந்த பரலோகப் பிதாவே என்று எடுத்தது நன்றாகவே வந்தது. சின்ன வயதிலிருந்து காதில் விழுந்ததுதானே. இந்த வேளைக்காக ஸ்தோத்திரம், இந்தக் குடும்பத்துக்காக ஸ்தோத்திரம் என்றேன். அதோடு கைச்சரக்கு தீர்ந்தது. டீக்காக ஸ்தோத்திரம் சொன்னேன். கேக்குக்காகச் சொன்னேன். ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்து, தலைக்கு மேல் சுற்றுகிற மின்விசிறிக்காகவும் சொன்னேன். அம்மா தொண்டையைச் செருமினாள். கம்பீரமாக ஏதாவது சொல்லி முடித்தாக வேண்டும். அந்த ஒரு வாரமாக என் நாக்கில் கம்பீரமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"எங்கள் காவல் முடிந்தது, பிதாவே. இனி விளக்கு உம்முடைய கையில். இருட்டைக் கண்டு நாங்கள் கலங்காதிருப்போமாக. இருட்டு என்பது வெறும் தூரம்தான். ஆமென்."

சுகந்தி ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த வசனம் பைபிளில் ஏசாயாவிலா எரேமியாவிலா என்று கேட்டார். பின்பக்கம் எங்கேயோ வரும் ஆன்ட்டி என்றேன். அம்மா என்னைப் பெருமையோடு பார்த்தாள் (பெற்ற வயிறு, நம்பிவிட்டது). தேவராஜ் அங்கிள் மட்டும் உட்காரவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"மெர்வின் போயிட்டாரா?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எந்த மெர்வின், சபைப் பொருளாளரா, காலையில்கூட நல்லாத்தானே இருந்தார் என்று அம்மா பதறினாள். ஜெசி என்னைப் பார்த்த பார்வையில் இந்தத் தடவை சிரிப்பு இல்லை. "இன்னிக்குச் சாயங்காலம் டாடியும் நானும் சேர்ந்து பார்க்கலாம்னு வச்சிருந்தோம்" என்றாள்.

மிச்சம் பிறகுதான் தெரிந்தது. காவல், விளக்கு என்ற சொற்களிலேயே அங்கிளுக்கு அது மெர்வின் என்று பிடிபட்டுவிட்டதாம். ஜெசி சின்னப் பிள்ளையாக இருந்தபோது வீட்டில் தமிழில் கேட்டால் தெலுங்கில்தான் பதில் சொல்வாளாம். அவளுக்குத் தமிழ் பேச வரவேண்டும் என்று அங்கிள் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக் காட்டியது அந்தத் தொடரைத்தான். கடைசி எபிசோடை மகளோடுதான் பார்ப்பேன் என்று அந்த மனுஷன் ஒரு வாரமாக வாட்ஸ்அப்பைத் திறக்கவில்லை. ஆபீஸில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவாராம். கல்யாணமாகிப் போவதற்கு முன்னால் அப்பாவும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிற கடைசிக் கதை. அதைத்தான் நான் கண்ணை மூடிக்கொண்டு, கடவுள் பெயரால் போட்டு உடைத்திருந்தேன். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அந்த வீட்டிலிருந்து பதிலே வரவில்லை. ஆன்ட்டிக்குப் பூரண சம்மதம், அங்கிள்தான் வாயைத் திறக்கவில்லை என்று சேதி மட்டும் கசிந்தது. போச்சு என்று முடிவுகட்டிவிட்டேன். பிரகாஷிடம் சொன்னபோது அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அடுத்த சனிக்கிழமை ஜெசி போன் செய்தாள். டாடி இன்னும் அதைப் பார்க்கவில்லை. கெடுத்தவனே வந்து கூட உட்காரட்டும் என்கிறார் என்றாள். நிஜமாகவே வரணுமா என்று கேட்டேன். "ஹவ், வரணும்" என்றாள். (ஹவ் என்றால் ஹைதராபாத் பாஷையில் ஆமாம்.)

போனேன். மூன்று பேரும் ஒரே சோபாவில், நடுவில் அங்கிள். ஆன்ட்டி அடுப்படியில். மெர்வின் வந்தார், அந்த வசனத்தைச் சொன்னார், போனார். அங்கிள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நல்லாத்தான் சொல்றான் என்றார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எங்கே இருந்தேன்! அது எப்படி அங்கிள் நல்லா இருக்கும், ரெண்டு வார்த்தைக்கு மேல் பேசாத ஆள் இப்படிப் பிரசங்கம் பண்ணுவாரா என்று ஆரம்பித்து, குழுவில் எழுதிய கட்டுரை முழுவதையும் ஒப்பித்துவிட்டேன். பெண் கேட்டு வந்திருக்கிற வீடு என்பதே மறந்துபோனது. அங்கிள் பொறுமையாகக் கேட்டார்.

"இவ்வளவு பிடிக்காத வசனத்தை எதுக்குத் தம்பி எங்க வீட்டு ஜெபத்துல போட்டீங்க?"

"பயத்துல, அங்கிள்" என்றேன். வேறென்ன சொல்வது? "எப்படி முடிக்கிறதுன்னு தெரியல. இந்த வீட்டை விட்டுப் போகவும் மனசில்ல. அப்போ வாயில பெரிய வார்த்தைதான் வந்தது."

ஜெசி டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "அவருக்கும் அதேதான். சின்னதா எதாவது சொன்னா அழுதுடுவாரு. அதான் பெருசா சொல்லிட்டுப் போறாரு."

ஒரு வாரம் இரண்டு கட்சியும் கத்தியதில் யாருக்கும் தோன்றாதது அது. நான் அங்கேயே தோற்றேன், சந்தோஷமாகத் தோற்றேன். அங்கிள் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் ரொம்ப நேரம் துடைத்தார். அவர் அழுதது மெர்வினுக்காக இல்லை என்பது எனக்கே புரிந்தது. பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "சுகந்தி, அட்வெண்ட்ல வேணாம், கல்யாணத்தை ஜனவரியில வச்சுக்கலாம்னு அவங்க வீட்டுல சொல்லிடு" என்றார். (கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வெண்ட் வாரங்களில் எங்கள் சபையில் கல்யாணம் வைப்பதில்லை.)

கல்யாணம் முடிந்து காரில் ஏறும்போது அவர் ஏதோ பெரிதாகச் சொல்லத் தயார் செய்துகொண்டு வந்து நின்றார். கடைசியில் வாயில் வந்தது, "சீட் பெல்ட் போட்டுக்கோம்மா." சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார். ஜெசி சொன்னது சரியாகப் போயிற்று.

சுகந்தி ஆன்ட்டி, அதாவது என் மாமியார், அந்த வசனத்தை ஏசாயாவிலும் எரேமியாவிலும் தேடிப் பார்த்துவிட்டு, அது என் சொந்த வரம் என்று முடிவுசெய்து சபைப் பெண்கள் கூடுகிற ஐக்கியத்தில் சொல்லி ஜெபிக்க ஆரம்பித்தார். அங்கிருந்து அது எங்கெங்கோ போய், போன வருஷம் ஓர் அடக்க ஆராதனையில் எங்கள் போதகரே, இருட்டு என்பது வெறும் தூரம்தான், பிரியமானவர்களே என்றார். சபையே கண்ணீர் விட்டது. நான், ஜெசி, மாமாவாகிவிட்ட அங்கிள் மூன்று பேரும் குனிந்த தலை நிமிரவில்லை. மாமாவின் தோள் குலுங்கியதைப் பார்த்துப் பக்கத்து பெஞ்சுக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

மாமியாரிடம் இன்றுவரை யாரும் உண்மையைச் சொல்லவில்லை. அதனால் ஒவ்வொரு குடும்ப விருந்து முடிவிலும் அவர் முக்காடு போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை ஜெபிக்கட்டும் என்பார். உடனே மாமா காதைப் பொத்திக்கொள்வார்.

"மாப்பிள்ளை, வேண்டாம். புதுத் தொடர்ல இந்த வாரத்து எபிசோடு நான் இன்னும் பார்க்கல."