கயிற்றைத் தாண்டி உட்கார்ந்தது குறித்து மாப்பிள்ளைக்கு

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் கணுக்காலுக்கு மேலே நலம். அங்கே நீங்களும் என் மகளும் முழுவதுமாக நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

"போற வழியில அந்தச் சின்ன ஊர்ல ஒரு நாள் இறங்குங்க மாமா, பழைய வீடெல்லாம் நடந்தே பார்க்கலாம், அதுல ஒரு சுகம் இருக்கு" என்றீர்கள். மாப்பிள்ளை சொல்லுக்கு மறுசொல் ஏது? இறங்கினோம். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் வீடுகளைக் காகிதத்தில் மட்டுமே பார்த்தவன் நான். ஆகவே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று வடக்கே சந்து, கிழக்கே பொதுச்சுவர் என்று நான்கெல்லை சொல்லிக்கொண்டே வந்தேன். ஏழாவது வீட்டில் உங்கள் அத்தை, "நீங்க எல்லையைப் பாருங்க, நான் வீட்டைப் பார்க்கறேன்" என்று என்னை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டாள்.

தனியாகப் பன்னிரண்டாவது வீட்டுக்குள் நுழைந்தேன். யாரோ ஒரு வியாபாரி கட்டியது. நீங்கள் அன்போடு வாங்கிக் கொடுத்த பூட்ஸ் அதற்குள் என் குதிகாலைத் தின்று முடித்திருந்தது. குறையாகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன். சாப்பாட்டு அறையில் வியாபாரியின் குடும்பத்தை ஆளுயர மெழுகுப் பொம்மைகளாகச் செய்து மேஜையைச் சுற்றி உட்கார வைத்திருந்தார்கள். நான்கு பொம்மை, ஐந்து நாற்காலி. குறுக்கே ஒரு கயிறு, அதில் "தாண்டினால் காவல் நிலையம்" என்று பலகை. ஆள் அரவம் இல்லை. தாண்டினேன். உட்கார்ந்தேன். பூட்ஸைக் கழற்றி மேஜைக்கு அடியில் தள்ளி, அப்பாடா என்று ஒரு மூச்சு விடுவதற்குள் வாசலில் சாவிக்கொத்துச் சத்தம். வீட்டுக் காப்பாளர் ஒன்பது பேரை அழைத்துக்கொண்டு உள்ளே வருகிறார்! எழுந்தால் காவல் நிலையம். எனவே அசையவில்லை, மாப்பிள்ளை. என் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைத்தான் போட்டிருந்தேன். அந்தச் சபைக்கு அது கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

காப்பாளர் என்னைப் பார்த்துத் திகைத்தார். ஆனால் ஒன்பது பேர் முன்னால் தெரியாது என்று சொல்ல முடியுமா? "இவரு... இந்தக் குடும்பத்தோட கணக்குப்பிள்ளை" என்று எனக்கு அந்த இடத்திலேயே வேலை போட்டுக் கொடுத்தார். ஒரு கண்ணாடிக்காரர் கிட்டே வந்து, "கண்ணு தத்ரூபமா இருக்கு, வயித்துல மட்டும் மெழுகு கொஞ்சம் கூடிப்போச்சு" என்று தீர்ப்புச் சொன்னார். முன்னால் போனவள் எப்படியோ அந்தக் கூட்டத்தில் சேர்ந்து, பத்தாவது ஆளாகக் கடைசியில் நிற்கிறாள் உங்கள் அத்தை!

என்னைக் காப்பாற்றுவாள் என்று நினைத்தேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான்" என்று மற்றவர்களிடம் ஆரம்பித்தாள். "கூஜா கைக்கெட்டுற தூரத்துல இருக்கும். ஆனா 'கூஜா'ன்னு ஒரு சத்தம் வரும். நான் அடுப்பை அணைச்சிட்டு ஓடிவந்து நகர்த்தணும். ஊர்ல இருக்கிற வீட்டுக்கெல்லாம் நாலு எல்லையும் மனப்பாடம். நம்ம வீட்டுச் சமையலறை எந்தப் பக்கம்னு கேளுங்க, யோசிப்பாரு."

"அப்போ இந்தப் பொம்மை மாதிரியேதானா?" என்றார் காப்பாளர்.

"இந்தப் பொம்மை எவ்வளவோ தேவலை. குறட்டை விடாது."

ஒன்பது பேரும் சிரித்தார்கள். "ஐயோ, பொம்மைக்குக் காது சிவக்குது பாருங்க!" என்று ஓர் அம்மாள் கத்தினாள். "பழைய சாயம், வெயில் பட்டா அப்படித்தான்" என்றார் காப்பாளர், துளியும் கூசாமல். அந்த நேரம் பார்த்துத்தான் நீங்கள் போன் செய்தீர்கள். என் நெஞ்சுக்குள்ளிருந்து மணி அடிக்கிறது. ஒன்பது பேரும் இரண்டடி பின்வாங்கினார்கள். உங்கள் அத்தை மட்டும் அலுங்காமல், "மாப்பிள்ளையாத்தான் இருக்கும், எடுத்துப் பேசுங்க" என்றாள்.

கணக்குப்பிள்ளை எழுந்து நின்றதும் ஓர் ஆள் சன்னல் வழியாகவே போய்விட்டார். காப்பாளர் நாற்காலியில் சரிந்தார். தண்ணீர் தெளிக்க வேண்டியிருந்தது.

தெருவுக்கு வந்ததும், "நான்தான்னு உனக்கு எப்போ தெரியும்?" என்று கேட்டேன்.

"உள்ள நுழைஞ்சதுமே தெரியும். வேற எப்போ நீங்க குறுக்கே பேசாம நான் சொல்றதைக் கேட்டிருக்கீங்க?"

மீதித் தெருவை எல்லை சொல்லாமல் நடந்தேன், மாப்பிள்ளை. நேற்று இரவு விடுதியில் கூஜாவை நானே நகர்த்தினேன். அவளுக்கும் ஒரு டம்ளர் ஊற்றினேன். அவள் என் நெற்றியைத் தொட்டு, காய்ச்சலா என்று பார்த்தாள்.

இந்த ஊரில் இனி ஒரு நிமிடமும் தங்க மாட்டோம். நாளை முதல் வண்டி. என் மகளுக்கு ஆயிரம் ஆசி. சம்பந்தி இருவருக்கும் என் வணக்கம். தயவுசெய்து அவர்களை எங்கேயும் நடக்கச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு செருப்பும் காலில் ஏறாத மாமனார்.

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்கப் புறப்பட்டபோது காப்பாளர் விடுதிக்கே வந்துவிட்டார். அந்த ஒன்பது பேரும் ஊரெல்லாம் சொல்லி, காலையிலிருந்து அந்த வீட்டு வாசலில் கூட்டமாம். உங்கள் அத்தையை மூன்று மாதத்துக்கு விளக்கம் சொல்பவராகக் கேட்கிறார். அவள் நான் வாய் திறப்பதற்குள் ஒப்புக்கொண்டாள். ஐந்தாவது நாற்காலி எனக்கு. பத்து மணியிலிருந்து ஐந்து வரை அவள் பேசுவாள், நான் அசையக் கூடாது. அடுத்த வாரம் குடும்பத்தோடு அவசியம் வாருங்கள். நீங்கள் வணக்கம் சொன்னால் பதில் சொல்ல மாட்டேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.