நடுக்கடலில் ஒரு பிளவுஸ்

நேற்று எனக்கு ஒரே ஒரு வேலைதான். ஊர்காவற்றுறையில தைக்கக் குடுத்த பிளவுஸை எடுத்து அனலைதீவுக்குக் கொண்டுபோறது.

மனிசியின்ர தங்கச்சிக்கு விடிஞ்சாக் கலியாணம். கூறைச் சாறிக்குப் போடுற பிளவுஸ் அது. வேற பிளவுஸ் இல்லை. மனிசி முன்னமே அங்கை போயிட்டா. போகேக்கை சொன்னா, "ஆரிட்டையும் குடுத்துவிடாமல் நீங்களே கையில கொண்டு வாங்கோ."

"ஓமப்பா, நானே கொண்டு வாறன்."

எனக்குப் போட்டில ஏறினாலே குமட்டிச் சத்தி வரும். நேற்றுக் காலமை காத்தும் பலம். துறையில நிண்டு கடலைப் பாக்கவே தலை சுத்தினது.

அப்பதான் பொக்கற்றில கிடந்த சாமான் ஞாபகம் வந்தது. என்னை உங்களுக்குத் தெரியும்தானே! எந்தச் சாமான் காசுக்குப் பெறுமதி, எது வெறும் விளம்பரம் எண்டு இந்தப் பக்கத்தில எழுதி உங்களுக்கு வகுப்பெடுக்கிற ஆள். போன கிழமை எழுதினது இதைப் பற்றித்தான். பொத்தான் மாதிரி ஒரு வட்டம். பொருளோட போட்டுவிட்டா, அது எங்கை நிக்குதெண்டு போனில காட்டும். "கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" எண்டு எழுதினனான்.

வட்டத்தைப் பிளவுஸ் பார்சலுக்குள்ள போட்டு, போட்டுக்கார அண்ணையிட்டைக் குடுத்தன்.

"அங்கை துறையடிக் கடையில வைச்சுவிடுங்கோ அண்ணை. நான் பின்னேரம் வந்து எடுக்கிறன்."

காத்து அடங்கினாப் பிறகு போய் எடுத்து, நானே மடியில வைச்சுக் கொண்டு வந்த மாதிரி மனிசியிட்டைக் குடுக்கிறது. என்ன ஒரு மூளை!

தேத்தண்ணிக் கடையில இருந்து போனைப் பாத்தன். நீலத்துக்குள்ள புள்ளி நகருது! கடைக்காரருக்கும் காட்டினன்.

"பாத்தீங்களே அண்ணை, இருந்த இடத்தில இருந்துகொண்டே பார்சலைக் காவல் பண்ணுறன்!"

கொஞ்சத்தால புள்ளி நிண்டுட்டுது. நடுக்கடலில.

அரை மணித்தியாலம் பாத்தன். ஒரு மணித்தியாலம் பாத்தன். அசையேல்லை.

"போட் அப்பவே போய்ச் சேந்திருக்குமே தம்பி" எண்டார் கடைக்காரர்.

அப்ப பார்சல் கடலுக்குள்ள! நயினாதீவு அம்மாளே!

"கலியாண வீட்டுக்கு ஒருக்காப் போன் எடுத்துக் கேளுமன்" எண்டார் அவர்.

ஏலாது. கேட்டா நான் குடுத்துவிட்டது தெரிஞ்சிடும். போட்டுக்காரருக்கு எடுத்தன். ஆள் தூக்கேல்லை.

அந்தோனி அண்ணையின்ர மீன்பிடி வள்ளத்தைக் கெஞ்சிக் கேட்டு ஏறினன். ஏறின உடனேயே முதல் சத்தி. போனை நீட்டி வழி காட்டினன். இடைக்கிடை சத்தி எடுத்தன். புள்ளிக்கு நேர போய் நிண்டம்.

"இதிலதான் அண்ணை!"

"இதில என்ன?"

"பிளவுஸ்."

அந்தோனி அண்ணை தண்ணியைப் பாத்தார். என்னைப் பாத்தார். "ஆரின்ரை?"

"கலியாணப் பொம்பிளையின்ரை."

"வலை போடட்டே தம்பி?"

மனுசன் பகிடிக்குத்தான் கேட்டது. நான் "ஓம் அண்ணை" எண்டுட்டன். அவரும் போட்டார்! ரெண்டு நண்டும் ஒரு செருப்பும் வந்தது.

இனி ஒளிக்க ஏலாது. மனிசியின்ர காலில விழுவம் எண்டு நினைச்சுக்கொண்டு அப்பிடியே அனலைதீவுக்கு விடச் சொன்னன்.

தொப்பமா நனைஞ்சு, கையில ரெண்டு நண்டோட கலியாண வீட்டுப் படலையைத் திறந்தன். முற்றத்தில முதல் கண்டது போட்டுக்கார அண்ணையை. கதிரையில இருந்து பலகாரம் சாப்பிடுறார்!

"அண்ணை, பார்சல்...?"

"அதிலதானே தையல்கார அக்கா மார்க்கர் பேனையால பொம்பிளையின்ர பேரைப் பெரிசா எழுதியிருந்தவ. பிறகேன் கடையில வைப்பான்? நேர கொண்டுவந்து உங்கட மனிசியின்ர கையிலயே குடுத்தனான்."

உங்கட மனிசியின்ர கையிலயே!

பக்கத்தில இருந்த கனடா மாமாவும் அந்தக் காலமைப் போட்டிலதான் வந்தவராம். "கடல் நல்ல வடிவு! வீடியோ எடுத்தெடுத்து நடுவழியிலயே போன் சார்ஜ் செத்துப்போச்சு."

அப்பதான் விளங்கினது. அந்த வட்டம் தானாக ஒண்டும் காட்டாது. பக்கத்தில அதே கம்பனிப் போன் ஒண்டு உயிரோட இருக்கவேணும். பெட்டியில சின்ன எழுத்தில இருந்தது. பெரிய எழுத்தை மட்டும் வாசிச்சு உங்களுக்கெல்லாம் வகுப்பெடுத்த விசரன் நான்! போட்டில இருந்த அந்தக் கம்பனிப் போன் மாமாவின்ர ஒண்டுதான். அது செத்த இடத்திலதான் நாங்கள் வலை போட்டது.

அறைக்குள்ள இருந்து மனிசி வந்தா. பின்னால மச்சாள், பிளவுஸைப் போட்டு அளவு பாத்துக்கொண்டு. மனிசி என்னை மேலயிருந்து கீழ வரைக்கும் பாத்தா. நண்டில கண் நிண்டது.

"நீங்களே கையில கொண்டு வாறன் எண்டது இதையோ?"

நான் வாயைத் திறக்க முதல் பொக்கற்றுக்குள்ள போன் கிணுகிணுத்தது.

"என்னவாம்?" எண்டா மனிசி.

எடுத்து வாசிச்சன். வட்டத்தின்ர செய்தி.

"பிளவுஸ் கிடைச்சிட்டுதாம்."