பொம்மனஹள்ளி டிக்கிக் கட்டு

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெங்களூர் பொம்மனஹள்ளியின் அந்தச் சந்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. கல்யாணமும் இல்லை, கருமாதியும் இல்லை. டிக்கி சாமியார் தரிசனம் தருகிற நாள். காரின் பின்பக்கம் 'கடகட' என்று சத்தம் வந்தால் ஜனங்கள் முன்பெல்லாம் மெக்கானிக்கிடம் போவார்கள். இப்போது நாடு முன்னேறிவிட்டது. சாமியாரிடம் போகிறார்கள்.

வாடகைக் கார் ஓட்டுகிறவர்களும், வைட்ஃபீல்டில் உட்கார்ந்து அமெரிக்காக்காரனின் கணக்கைச் சரிபார்க்கிற இன்ஜினியர்களும் ஒரே வரிசையில் நின்றார்கள். இந்த ஒரு விஷயத்திலாவது சமத்துவம் வந்ததே என்று சந்தோஷப்படலாம். சாமியார் பூர்வாசிரமத்தில் சீட் கவர் விற்றவர். கடை ஓடவில்லை, ஞானம் வந்தது. மூடிய டிக்கியின்மேல் காதை வைப்பார், கண்ணை மூடுவார். உள்ளே இருக்கும் ஆவி ஆணா பெண்ணா, எப்படிச் செத்தது என்று சொல்லிவிடுவார். நிற்கிற வண்டியில் அவருக்கு என்ன சத்தம் கேட்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் பக்கத்தில் நட்டிருந்த சூலத்துக்குக் கீழே க்யூஆர் அட்டை ஒட்டியிருந்தது. யாராவது காணிக்கை செலுத்தினால் பக்கத்திலிருக்கும் சின்னப் பெட்டி பெண்குரலில் அதை அறிவிக்கும். அந்த இடத்தில் கேட்ட உண்மையான அசரீரி அது ஒன்றுதான்.

வாடகைக் கார் டிரைவர் உத்தமனும் அந்த வரிசையில் நின்றான். இது இரண்டாவது தடவை. முதல் தடவை வந்தபோது சாமியார் டிக்கியில் காதை வைத்துவிட்டு, "இந்த வண்டியில ஆஸ்பத்திரிக்கு யாரையோ ஏத்திட்டுப் போயிருக்க. போய்ச் சேரல" என்றார். உத்தமன் உடனே கையெடுத்துக் கும்பிட்டான். போன வருஷம் நெஞ்சு வலி என்று ஏறிய ஒரு பெரியவர், ஓசூர் ரோடு நெரிசலில் பின் சீட்டிலேயே போய்விட்டார். இந்த ஊரில் ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏற்றாத வாடகைக் கார் எது, நெரிசலில் மாட்டாத கார் எது என்று அவனால் யோசிக்க முடியவில்லை. இன்னும் கொஞ்சம் வேகமாக ஓட்டியிருக்கலாமோ என்று ஒரு வருஷமாக உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தவன் அவன். சாமியார் கைவைத்தது சரியாக அந்த இடத்தில்.

அன்றே டிக்கிக்குக் கட்டு போட்டார்கள். மஞ்சள் கயிறு, எலுமிச்சம்பழம், குங்குமம். ஒரு மண்டலத்துக்குத் திறக்கக் கூடாது. திறந்தால் ஆவி திறந்தவர்மேல் ஏறும். சத்தம் நின்றால் ஆவி போய்விட்டது. சத்தம் அதிகமானால் ஆவி போய்க்கொண்டிருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் சாமியாருக்கு ஜெயம்.

அதற்குப் பிறகு உத்தமனின் காரில் ஏர்போர்ட் போகிறவர்கள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனார்கள். "டிக்கி ஓப்பன் பண்ணுப்பா" என்பார்கள். "பூஜை போட்டிருக்கு சார்" என்பான். கேட்டவர்கள் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு, இறங்கியதும் செயலியில் ஒற்றை நட்சத்திரம் கொடுத்தார்கள். சத்தமோ நாளுக்கு நாள் ஏறியது. ஒவ்வொரு மேட்டிலும் 'டொம்' என்று விழுந்தது. அதே காரின் பின் சீட்டில்தான் அவன் மகள் ரக்ஷிதா தினமும் பள்ளிக்கூடம் போனாள்.

"ஏங்க, தொறந்து பாத்துடலாங்க. ஜாக்கி கீக்கி உருளுதோ என்னவோ" என்றாள் அவன் பெண்டாட்டி காந்தா.

"தொறந்தா உன்மேல ஏறிடும்."

"என்மேல ஏறினா ஏறட்டும். பின்னாடி உக்காந்து போறது நம்ம புள்ள."

அவன் கேட்கவில்லை. ரெண்டாவது கட்டு போட்டால் சரியாகிவிடும் என்று கிளம்பினான். அவளும் கூடவே ஏறிக்கொண்டாள்.

அவர்கள் முறை வந்தது. சாமியார் காதை வைத்தார், கண்ணை மூடினார். "பெரியவர் போக மனசில்லாம அழறாரு. பெரிய பூஜை பண்ணணும்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலீங்களே சாமி" என்றாள் காந்தா. "வண்டி ஓடும்போதுதான் கேக்குது. நீங்களே பின்னாடி ஏறி உக்காருங்க. தெருக்கோடி வரைக்கும் போய்ட்டு வரலாம். நல்லாக் கேட்டுச் சொல்லுங்க."

"நான் பக்தர் வாகனத்துல ஏறுறதில்லம்மா."

அவரைக் கவிழ்த்தது காந்தா அல்ல, பக்தர்கள். "சாமி ஏறினா ஆவி எறங்கிடும்" என்று வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஹௌது, ஆமா, சாமி ஏறட்டும்" என்றார் மஞ்சுநாத் என்கிற ஐ.டி.க்காரர். இரண்டு பேர் கதவைத் திறந்து பிடித்தார்கள், ஒருவர் சீட்டில் பூவே தூவிவிட்டார். சாமியாருக்கு ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. ஏறும்போது பின் கண்ணாடியில் ஒட்டியிருந்த பச்சை சி.என்.ஜி. ஸ்டிக்கரைப் பார்த்து, "கேஸ் வண்டியா?" என்று மெதுவாகக் கேட்டார். முன் சீட்டில் ஏறியிருந்த காந்தா அதைக் கேட்டுவிட்டாள்.

உத்தமன் நடக்கிற வேகத்தில்தான் ஓட்டினான். சந்தின் இரண்டு பக்கமும் ஜனம் கைகூப்பி நின்றது. முதல் மேட்டில் சாமியாரின் முதுகுக்குப் பின்னால் 'டொம்' என்றது. சாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டாவது மேட்டில் சீட்டே அதிர்ந்தது. அடுத்த நொடி பின்கதவு திறந்தது. சாமியார் காவி வேட்டியை மடித்துக் கட்டக்கூட நேரமில்லாமல் தெருவில் குதித்தார்.

"யோவ், நிறுத்துய்யா. சிலிண்டர் கழண்டு கெடக்குது. வெடிச்சுச்சுன்னா யார் பதில் சொல்றது?"

கைகூப்பி நின்ற ஜனம் நாலடி பின்னால் நகர்ந்தது.

காந்தா இறங்கி வந்தாள். "பெரியவர் அழறாருன்னு சொன்னீங்களே சாமி."

சாமியார் இப்போதுதான் வேட்டியை மடித்துக் கட்டினார்.

உத்தமன் இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். காந்தாதான் மஞ்சள் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்து டிக்கியைத் திறந்தாள். அவள்மேல் எதுவும் ஏறவில்லை. உள்ளே பெரியவர் இல்லை, அழுகையும் இல்லை. கேஸ் சிலிண்டரைப் பிடித்து நிறுத்தும் இரும்புப் பட்டையில் ஒரு போல்ட்டைக் காணோம், இன்னொன்று பாதி கழன்று தொங்கியது. நேற்றுக்கூட மகள் இந்தச் சிலிண்டருக்கு முன்னால் இருக்கும் சீட்டில்தான் உட்கார்ந்து போனாள். இறங்கி வந்து எட்டிப் பார்த்த உத்தமன் அழுதேவிட்டான். மகளை நினைத்து அழுதான். அந்தப் பெரியவர் தன்மேல் கோபமாக இல்லை, எப்போதோ போய்விட்டார் என்பதற்காகவும் அழுதான்.

கூப்பிட்டு அனுப்பிய கேஸ் வண்டி மெக்கானிக் ஸ்பேனரோடு வந்து போல்ட் மாட்டினான். மந்திரம் எதுவும் சொல்லவில்லை. சத்தம் நின்றது.

அதற்குள் மற்றவர்களும் தங்கள் கட்டுகளை அறுத்துப் பார்த்தார்கள். ஒரு டிக்கியில் ஜாக்கி உருண்டது, ஒன்றில் கிரிக்கெட் மட்டை, மஞ்சுநாத்தின் டிக்கியில் மாமியாருக்குத் தர மறந்த இட்லிப் பானை. சாமியார் தன் காரில் ஏறிக் கிளம்பினார். அந்தக் காருக்கு மாசம் தவறாமல் சர்வீஸ் நடப்பது எல்லோருக்கும் தெரியும்.

காந்தா புறப்படும்போது ஒருவர் கைகூப்பியபடி குறுக்கே வந்தார். "அக்கா, உங்களுக்கு ஏதோ சக்தி இருக்குது. என் வண்டியையும் ஒருவாட்டி தொட்டுட்டுப் போங்க. காணிக்கை எவ்ளோன்னாலும் தரேன்."

காந்தா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"டிக்கிக்குப் போட்ட கட்ட நான் அவுத்துட்டேன் அண்ணா. தலைக்குப் போட்டுருக்கீங்களே, அத நீங்கதான் அவுத்துக்கணும்."