அடுத்த குடில் தும்மல்

கடற்கரை விடுதிக் குடிலில் அவள் வாய்விட்டுச் சிரித்ததுதான் தாமதம், அடுத்த குடிலில் பேச்சு சட்டென்று நின்றது. பிறகு ஒரு தும்மல் கேட்டது. நடுவிலிருந்த ஓலைத் தடுப்பே ஆடியது.

மாப்பிள்ளை கையிலிருந்த இளநீரைக் கீழே போட்டான்.

“மாமா!”

“அப்பாவேதான்,” என்றாள் அவள். “‘ஆஆ’ன்னு ஆரம்பிச்சு ‘அய்யய்யோ’ன்னு முடிக்கிற தும்மல் உலகத்துல ஒருத்தருக்குத்தான்.”

அப்பாவுக்குத் தன் மோட்டார் பம்பு கடைதான் உலகம். அங்கே கல்லாவில் அவள், பழுது பார்க்கும் மேசையில் இவன். வீட்டோடு மாப்பிள்ளை கேள்விப்பட்டிருப்பீர்கள், இவன் கடையோடு மாப்பிள்ளை. இந்தக் கடற்கரையின் படத்தைக் காட்டித் தேனிலவுக்கு லீவு கேட்டபோது அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“கடையை விட்டுட்டு ஊர் சுத்தறதா? நாங்க எங்கயும் போகல, வாழ்ந்துடலையா?”

அம்மா மட்டும் படத்தைத் திரும்பத் திரும்ப வாங்கிப் பார்த்தாள். கடைசியில் இவர்கள், மாப்பிள்ளையின் அக்கா வீட்டுக்குப் போவதாகப் புளுகிவிட்டு இங்கே வந்திருந்தார்கள்.

“மோப்பம் பிடிச்சு வந்துட்டார். கையோட இழுத்துட்டுப் போகப்போறார்,” என்றான் அவன்.

“போனாத்தானே? கல்யாணத்துல எல்லாம் அவங்க இஷ்டம். எனக்குன்னு நான் கேட்டது இது ஒண்ணுதான், விடமாட்டேன். ஜன்னல் வழியா இறங்குங்க!”

அவள் சுலபமாக இறங்கிவிட்டாள். அவன் இடுப்பளவில் மாட்டிக்கொண்டான். அவள் இழுத்த இழுப்பில் ஆள் வெளியே வந்தான், கால்சட்டையின் பின்பக்கம் ஜன்னல் ஆணியிலேயே தங்கிவிட்டது. அவளுடைய துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு, செருப்பும் இல்லாமல், சுடுமணலில் குதித்துக் குதித்து ஓடினான்.

படகுக் கொட்டகையில் வலைக்குவியலுக்குப் பின்னால் பதுங்கினார்கள். மூச்சு வாங்கி முடியவில்லை, மறுகோடியிலிருந்து வந்தது.

“ஆஆ... அய்யய்யோ!”

“நமக்கு முன்னாடியே வந்து உட்கார்ந்திருக்கார்!” என்று நடுங்கினான். “முட்டி வலின்னு கடையில நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டாரே!”

“கடலுக்குள்ள தெரியுதே, அந்தப் பாறைக்குப் போயிடலாம். கடல் மேல நடந்தா வருவார்? துடுப்பு போடத் தெரியுமா உங்களுக்கு?”

“ஒரு மோட்டாரையே பிரிச்சுப் போட்டு மாட்டறவன், இதென்ன பிரமாதம்!”

படகு செக்குமாடு மாதிரி ஒரே இடத்தில் சுற்றியது. அவர்கள் மேல் தண்ணீரை வாரி இறைத்துவிட்டு ஒரு மோட்டார் படகு விர்ரென்று கடந்து போனது. அவள் துடுப்பைப் பிடுங்கிக்கொண்டாள். ஒருவழியாகப் பாறையில் குதித்தபோது, படகைக் கட்ட வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. அது தன் பாட்டுக்குக் கரையைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தது.

“போனா போகுது,” என்றாள். “இங்க யாரு வரப்போறா?”

பாறைக்கு அந்தப் பக்கம் தும்மல்.

மாப்பிள்ளைக்கு உயிரே போய்விட்டது. “கால்ல விழுந்துடலாம்மா. வேலையாவது மிஞ்சும்.”

“எதுக்கு விழணும்? திருடினோமா, கொள்ளையடிச்சோமா? கல்யாணம் பண்ணிக்கிட்டு கடல் பார்க்க வந்தோம்! ஓடினதுதான் தப்பு.”

அவள் விறுவிறுவென்று பாறை உச்சியில் ஏறினாள். பயம் போய் இப்போது ஆத்திரம்தான் இருந்தது.

“அப்பா! நல்லாக் கேட்டுக்குங்க! நீங்க இழுத்தாலும் நான் வரமாட்டேன்! கடை மூடிக் கிடந்தா கிடக்கட்டும்!”

பெண்டாட்டி பேசியதைக் கேட்டு அவனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. துப்பட்டாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான்.

“நானும் வரமாட்டேன் மாமா!”

அந்தப் பக்கம் கிசுகிசுவென்று பேச்சு கேட்டது. கொஞ்ச நேரத்தில், அவர்களை நனைத்துவிட்டுப் போன மோட்டார் படகுக்காரர் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டே மேலே ஏறி வந்தார்.

“கத்தாதீங்கம்மா, பாவம், காலையில உங்க சிரிப்பைக் கேட்டதிலேருந்து உங்களுக்குப் பயந்துதான் ரெண்டு பேரும் இடம் மாத்தி இடம் ஓடிக்கிட்டிருக்காங்க, ‘கல்யாணமான நாள்லேருந்து கெஞ்சி இப்பத்தான் இந்த மனுஷனைக் கடையைப் பூட்ட வெச்சுக் கூட்டிட்டு வந்திருக்கேன், எம்பொண்ணு வந்து இழுத்தாலும் நான் வரமாட்டேன்’னு அந்த அம்மா சொல்லச் சொன்னாங்க!”