போர்வைக்குள் ஒரு சொட்டு

"உலகில் கோடிக்கணக்கானவர்களுக்கு இன்று ஒரு சொட்டு நீர்கூட..."

டொக்.

இயக்குநர் போர்வையை விலக்கினார். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அடுக்களைக் குழாய் சொட்டுது."

மனைவி போய்ப் பார்த்தாள். "இல்லையே. காய்ஞ்சு கிடக்கு."

"எனக்குக் கேக்குது."

"உங்களுக்கு நான் கூப்பிட்டா மட்டும்தான் கேக்காது."

உலகத் தண்ணீர்ப் பஞ்சம் பற்றிய அவருடைய ஆவணப்படத்துக்குப் பின்னணிக் குரல் மட்டும்தான் பாக்கி. மனைவியின் தம்பி காலையில்தான் இசையைச் சேர்த்து அனுப்பியிருந்தான். படத்தை ஹெட்போனில் ஓடவிட்டு, வெளிச்சத்தம் நுழையாமல் இருக்கப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, இயக்குநரே பேசிப் பதிவுசெய்துகொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் வந்து சேராவிட்டால் அந்த நேரத்தில் சமையல் நிகழ்ச்சி போட்டுவிடுவோம் என்று தொலைக்காட்சிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள்.

குழாயை இறுக்கினார். இன்னும் கொஞ்சம் இறுக்கினார். திருகு கையோடு வந்துவிட்டது. தண்ணீர் முகத்தில் பீய்ச்சியடித்தது.

"இப்போ சொட்டலை" என்றாள் மனைவி.

மொட்டைமாடிக்கு ஓடிப்போய்த் தொட்டியின் வால்வை மூடினார். மூடியது. திறக்கத்தான் மறுத்தது. பிளம்பருக்குப் போன் செய்துவிட்டு மறுபடியும் போர்வைக்குள் புகுந்தார்.

"மனிதகுலம் விழித்துக்கொள்ள வேண்டிய..."

டொக்.

மேல் வீட்டுக் குழாயாகத்தான் இருக்கும். எழுந்திருப்பதற்குள் யாரோ கதவைத் தட்டினார்கள். மேல் வீட்டு வாத்தியார். இடுப்பில் துண்டு, தலை நிறைய ஷாம்பு நுரை.

"தம்பி, தண்ணியை நிறுத்துனது நீங்களா?"

"சார், உங்க வீட்டுக் குழாய் சொட்டுதா?"

"சொட்டுனா நான் ஏன் இந்தக் கோலத்துல வரேன்?"

பிளம்பர் வந்தார். வால்வைத் தட்டிப் பார்த்தார். "இது செத்துப்போச்சு. தொட்டியைக் காலி பண்ணாம கழட்ட முடியாது."

"பண்ணுங்க."

தொட்டித் தண்ணீர் முழுவதும் தெருவுக்கு இறங்கியது. செய்தி அதைவிட வேகமாக இறங்கியது. படிக்கட்டில் பக்கெட்டுகள் முட்டிக்கொண்டன.

"நான்தான் முதல்ல வந்தேன்" என்றாள் கீழ் வீட்டுக்காரி.

"உன் வாஷிங் மெஷினுக்கு ஊத்தவா நான் நுரையோட நிக்கிறேன்?" என்றார் வாத்தியார்.

"நுரை தானா காஞ்சுடும் சார். துணி காயாது."

"துணிய அலசினாத்தானேம்மா காயப்போடணும்."

ஒரு பக்கெட் உருண்டு தெருவரைக்கும் போனது. யார் பக்கெட் என்பதில் இன்னொரு சண்டை பிறந்தது. மனைவி நடுவில் புகுந்து, தொட்டியின் அடியில் மிஞ்சியதை ஆளுக்கொரு மக் என்று அளந்து ஊற்றிச் சமாதானம் செய்தாள்.

அத்தோடு கட்டடத்தில் ஒரு துளி இல்லை. இயக்குநர் நிம்மதியாகப் போர்வைக்குள் போனார்.

"இனி நாடுகள் ஒரு குவளை நீருக்காக மோதிக்கொள்ளும்..."

டொக்.

மாடிக்கு ஓடினார். காலித் தொட்டிக்குள் தலையை விட்டுக் காதைத் தீட்டிக் கேட்டார். அவருடைய மூச்சுதான் எதிரொலித்தது. ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவி அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

போன் அடித்தது. மச்சினன்.

"மாமா, மியூசிக் கேட்டீங்களா? காதுல உறுத்தாம, படம் பூரா அடியில ஒரு சொட்டுச் சத்தம் விட்டிருக்கேன்."