பாயிண்டில் தண்ணி

கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவர் யாராகவும் இருக்கட்டும், அதற்கு நீதி கற்பித்தது றக்வானைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டம்தான். மதிப்பெண் பலகை அதிகாரி என்ற பொறுப்போடு இதைச் சொல்கிறேன். சோக்குக்கட்டி என் கையில்தான் இருந்தது.

தோட்டத்தின் இரண்டு பிரிவுகளான மேற்கணக்குக்கும் கீழ்க்கணக்குக்கும் பெண்பிள்ளைகள் போட்டி. வெல்கிற அணி இரத்தினபுரியில் நடக்கும் மாவட்டப் போட்டிக்குப் போகும். நடுவர், பழனியப்பன் கணக்கப்பிள்ளை. தினமும் மடுவம் என்கிற எடைக் கொட்டகையில் கொழுந்து நிறுப்பவர். நிறுப்பதைவிடக் கழிப்பதில் நிபுணர். இவரைவிட 'நடுநிலையான' ஒருவர் தோட்டத்துத் துரைக்குக் கிடைக்கவில்லை.

கீழ்க்கணக்குத் தலைவி பிரஷாந்தினி பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினாள். இரண்டு கையாலும் பிடித்தாள். மறுபடி தட்டினாள். விசில்.

"டபுள் ட்ரிப்ளிங்," என்றார் கணக்கப்பிள்ளை ஐயா. "அரப்பேரு போடு."

கொழுந்து குறைந்தால் பாதிச் சம்பளம் போடுவதற்கு மலையில் உள்ள பெயர் அது. நான் கடமை தவறாமல் கீழ்க்கணக்கின் இருபதைப் பத்தாக்கினேன்.

அடுத்து அவள் பந்துக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து ஏந்தித் தட்டினாள். மறுபடி விசில்.

"ரெண்டு கழி. அதோட இன்னும் ரெண்டு."

"அது எதுக்குங்க ஐயா?" என்றேன்.

"காலையில மழ பெஞ்சிச்சில்ல. பாயிண்டுல தண்ணி இருக்கும்." மழை நாளில் கொழுந்தின் எடையைக் குறைக்க அவர் சொல்லும் அதே காரணம்.

பிரஷாந்தினிக்குப் பொறுக்கவில்லை. "பாயிண்ட என்னங்க சாக்குலயா கட்டி வச்சிருக்கோம்?"

"நல்லவேள ஞாபகப்படுத்துன. சாக்கு எடைக்கு ஒண்ணு கழி."

அவள் கண் கலங்கியது. இரத்தினபுரி பஸ் கண்ணுக்கு முன்னாலேயே வளைவில் மறைவதுபோல் இருந்தது. அப்போது பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியர் நிலாம், விதிப்புத்தகத்தோடு மைதானத்துக்குள் ஓடிவந்தார்.

"ஐயா, இந்தப் பிழைக்கெல்லாம் பந்த மத்தப் பக்கம் குடுத்தாச் சரி. அவங்க கோட்டுக்கு வெளியால நிண்டு எறிவாங்க."

"அப்ப தண்டன எங்க சேர்?"

"அதுதான் தண்டன. போட்ட பாயிண்டுல கை வைக்க ஏலாது. போட்டது போட்டதுதான்."

ஐயா வேலியோரம் பார்த்தார். கொழுந்தெடுக்கும் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள்.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சேர்."

காலம் கடந்துவிட்டது, அவர்கள் காதில் விழுந்துவிட்டது. கழித்ததையெல்லாம் பலகையில் திருப்பி எழுதினேன். கீழ்க்கணக்கு வென்றது.

மறுநாள் மடுவத்தில், பிரஷாந்தினியின் அம்மா சீதாதேவி தராசுக் கொக்கியில் சாக்கை மாட்டினார்.

"தண்ணிக் கழிவு..." என்று ஐயா தொடங்கினார்.

"எடுத்தது எடுத்ததுதாங்க ஐயா. தப்பு இருந்தா பந்த மேக்கணக்குக்குக் குடுத்துருங்க."

வரிசை முழுக்கச் சிரித்தது. சிரித்து முடித்த பிறகும் யாரும் நகரவில்லை.

அன்று பின்னேரமே நிர்வாகம் அவசரமாகக் கூடியது. தொழிலாளர் நலனை ஆழமாகக் கருதியது. தோட்டத்தில் ஆபத்தான கருவி ஒன்று தொங்குவதாகக் கண்டறிந்து, உடனே கழற்ற உத்தரவிட்டது. கழற்றியும் விட்டார்கள், கூடைப்பந்து வளையத்தை.

தராசு பத்திரமாக இருக்கிறது. இரத்தினபுரி போகும் அணி இப்போது அதன் கொக்கியைக் குறிபார்த்துத்தான் பயிற்சி எடுக்கிறது.