மாடிப்படியில் ஒரு பெரிய கோயில்

ராசராச சோழனுக்குப் பிறகு கோயில் கட்டத் தெரிந்த ஒரே மனிதர் கனடாவில், மொன்றியலின் லாசால் பகுதியில், கம்பளித் தொப்பியோடு இருந்தார் என்று எங்கேயும் அடித்துச் சொல்வேன். கட்டியதென்னவோ ஒரே ஒரு கோயில்தான். அதிலும் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை.

எண்பதுகள் அவை. இலங்கையில் நடந்த சண்டைக்குத் தப்பி ஓடிவந்தவர்கள் ஒரே அறைக்குள் நெருக்கிக்கொண்டு கிடந்த காலம். அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. சோழர் என்றுதான் கூப்பிட்டார்கள். என்னைக் கட்டவிருந்தவரின் அறைக்கூட்டாளி. பஸ் பிந்தினாலும் பாண் ரொட்டி காய்ந்தாலும், "சோழர் காலத்தில இப்பிடி நடக்குமோ?" என்பார்.

ஆனால் வெறும் வாய்வீச்சுக்காரர் அல்ல. ஒருமுறை யாரோ குளிர்சாதனப் பெட்டி ஒன்றை, ஒரு பழைய பிரிஜ்ஜை, கொடுத்தார்கள். வாசலில் வளைந்து ஏறும் இரும்புப்படியில் அது திரும்ப மறுத்தது. சோழர் தெருவோரத்துப் பனிமேட்டைப் பார்த்தார்.

"தஞ்சாவூரில உச்சிக்கல்லை மண்ணால சரிவு போட்டெல்லோ ஏத்தினவங்கள். எங்களுக்கு மண்ணுக்குப் பதிலா ஸ்நோ இருக்கு. யானைக்குப் பதிலா நீங்கள் இருக்கிறியள்."

யானைகள் திட்டிக்கொண்டே கயிற்றைப் பிடித்தன. தெருவே வாய்பிளந்து பார்க்க, பிரிஜ் பனிச்சரிவில் ஏறி மேல்மாடி பல்கனிக்குப் போய்ச் சேர்ந்தது. கோடையில் சரிவு உருகிவிட்டது. பிரிஜ் இன்னும் இறங்கவில்லை என்று கேள்வி.

இந்த லட்சணத்தில்தான் நான் திருகோணமலையிலிருந்து வந்திறங்கினேன். விசாத் தவணைக்குள் கலியாணம் முடியாவிட்டால் திரும்பிப் போகவேண்டும். நானோ, கோயிலில்தான் கழுத்தை நீட்டுவேன் என்று அம்மாவுக்குச் சத்தியம் பண்ணிவிட்டு வந்தவள். எங்களுக்கென்று அங்கே ஒரு கோபுரமும் இல்லை. வாடகை மண்டபத்தைக் காட்டினார்கள், மாட்டேன் என்றேன். மாப்பிள்ளை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

சோழர் எங்கள் இருவரையும் தம் கட்டிடத்துக்குள் கூட்டிப்போய், சுற்றிச் சுற்றி ஏறும் மாடிப்படியின் அடியில் நிறுத்தினார்.

"நிமிர்ந்து பாருங்கோ பிள்ளை."

"இது மாடிப்படி அண்ணை!"

"பெரிய கோயில் கோபுரம் உள்ளுக்குக் கோறை. ஆண்டவற்றை தலைக்கு மேல உச்சிமட்டும் வெறும் வெளிதான். சனம் வெளியில நிண்டு கல்லைப் பாக்குது. உள்ளுக்கு இருக்கிறவர் இதைத்தான் பாக்கிறார்."

நிமிர்ந்தேன். மாடிமேல் மாடியாகச் சுருங்கிப்போன கைப்பிடிகள். உச்சியில் கண்ணாடிக் கூரை. அதில் ஒரு துண்டு வானம். சரி என்று தலையை ஆட்டினேன். மாப்பிள்ளைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கலியாணத்தன்று ஐயர் ஓமம் வளர்த்தார். புகை நேரே மேலே போனது. தாலி கையில் எடுத்த நேரம், மேலே இடிபோல் ஒரு குரல் கேட்டது. கட்டிடக் காவலாளி, தலையில் பெரிய தொப்பி, கைப்பிடிக்கு மேலால் எட்டிப் பார்த்துப் பிரெஞ்சில் கத்தினார். ஐயரின் மந்திரம் நின்றது. போச்சு, விமானம் ஏறவேண்டியதுதான் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஆ, அங்க பாருங்கோ!" சோழர் கைதட்டினார். "பெரிய கோயில் கோபுரத்திலயும் தொப்பி போட்ட வெள்ளைக்காரன் ஒருத்தன் சிலையா இருக்கிறான். இவன் வராததுதான் குறையாயிருந்தது!" பிறகு மேலே பார்த்து, வணக்கம், கலியாணம், நன்றி என்று தமக்குத் தெரிந்த முழுப் பிரெஞ்சையும் எடுத்துவிட்டார்: "பொன்ஜூர்! மரியாஜ்! மெர்சி!"

காவலாளி கூறைச்சேலையில் நடுங்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். தலை உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் உச்சி மாடியில் விளக்கு எரிந்தது. அடுத்து அதற்குக் கீழே. ஒவ்வொரு மாடியாக வெளிச்சம் எங்களை நோக்கி இறங்கி வந்தது. கதவு திறந்து வந்த சனம் கைப்பிடியெல்லாம் சிலைபோல் நிறைந்து நின்றது. என் கழுத்தில் தாலி ஏறியது. சோழர் கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி அண்ணாந்து நின்றார்.

பல வருடம் கழித்துத் தஞ்சாவூர் போனோம். எல்லோரும் சிவனைக் கும்பிட, நான் வெளியே நின்று கோபுரத்தில் அந்தத் தொப்பிக்காரனைக் கண்டுபிடித்தேன். பக்கத்தில் எங்கேயாவது கம்பளித் தொப்பியோடு சோழரும் இருக்கிறாரா என்று, கழுத்து வலிக்கும்வரை தேடிக்கொண்டிருந்தேன்.